அடையாளம் சொன்னால்தான் அனுப்புவோம்

திருவண்ணாமலையில் சொந்தமாக ஒரு வீடு இருந்தால் போதும், கார்த்திகை மாதம் உலகத்துக்கே நம் ஞாபகம் வந்துவிடும். மற்ற பதினோரு மாதமும் நான் இருக்கிறேனா செத்தேனா என்று ஒரு கார்டு போட்டுக் கேட்காதவர்கள், தீபத்துக்கு இரண்டு நாள் முன்பே பையும் ஜமக்காளமுமாக வந்து இறங்குவார்கள். பேகோபுரத் தெருவில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறினால் மலை முழுசாகத் தெரியும், நடுவில் ஒரு மரம்கூட மறைக்காது. "மாடியில நின்னே தீபம் பாக்கற வீட்டுல பொண்ணக் குடுத்திருக்கேன்" என்று என் அம்மா ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள். அந்த வீட்டில் நான் வாழ்க்கைப்பட்டுப் பதினைந்து வருஷம் ஆகியும், தீபம் ஏற்றுகிற அந்த நிமிஷத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

காரணம் வடை. சிரிக்க வேண்டாம், நிஜமாகவே வடைதான்.

அன்றைக்கு எல்லோரும் விரதம். மாலை ஆறு மணிக்கு மலைமேல் ஜோதி தெரிந்ததும் மாடியில் அத்தனை பேரும் அரோகரா சொல்லிக் கும்பிடுவார்கள். கும்பிட்ட கையைப் பிரித்த மறுநிமிஷம் பசி வந்துவிடும். முப்பத்தெட்டு பேர் தடதடவென்று படியிறங்கும்போது கீழே இலை போட்டிருக்க வேண்டும், இலையில் வடை சூடாக இருக்க வேண்டும். ஆறிப்போன வடையைத் தின்று விரதம் விடுவது எங்கள் வீட்டு வழக்கத்தில் இல்லையாம். ஆகவே சரியாக ஆறு மணிக்கு நான் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்பேன். நானும் விரதம்தான். அது யாருக்கும் ஞாபகம் இருந்ததில்லை. தலைக்கு மேலே அரோகரா கேட்கும். சாரணிக் கரண்டியைப் பிடித்த கையோடு சுவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வடையைத் திருப்பிப் போடுவேன்.

ஒரு வருஷம் வாய்விட்டுக் கேட்டேன். என் நாத்தனார் வெள்ளையம்மாள் கீழ்பென்னாத்தூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தாள்.

"அண்ணி, ஒரு அஞ்சு நிமிஷம் நீங்க சட்டிகிட்ட நில்லுங்க. நான் மேல போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

"தீபம் இன்னா ஓடியா போவப்போவுது? பத்து நாளு எரியும். நாளைக்கி நிதானமா பாத்துக்கோ ஆதிலட்சுமி."

பத்து நாள் எரியும் என்பது அவளுக்கும் தெரியும். அப்படியென்றால் அவள் மட்டும் எதற்காக பஸ்ஸில் இடிபட்டுக்கொண்டு அன்றைக்கே வருகிறாள்? நிதானமாக மறுநாள் வரலாமே. இதை அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டதற்கு இன்றைக்கும் என்மேலேயே எனக்குக் கோபம்.

என் கணவரின் சித்தப்பா இராமலிங்கம் என்று ஒருவர் உண்டு. சொற்பொழிவு எங்கே நடந்தாலும் முன்வரிசையில் உட்காருகிறவர். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பரிமாறியதைப் பார்த்துவிட்டு எனக்கு உபதேசம் செய்தார். "சந்தோஷம்ங்கறது நாம எதுல மனச வைக்கிறோமோ அதுலதாம்மா இருக்குது. உன் அடுப்புல எரியறதும் தீபம்தான். அதப் பாத்துக் கும்புட்டுக்கோ, மனசு தானா குளுந்துபூடும்." சொல்லிவிட்டு, வடையில் உப்புக் கம்மி என்றார். அடுப்பு நெருப்பைப் பார்த்து மனம் குளிர்வதானால் அவரே வந்து குளிர்ந்துகொள்ளலாம், நான் வேண்டாமென்றா சொன்னேன்?

இப்படியே எழுபத்தேழாம் வருஷத்துக் கார்த்திகையும் வந்தது. தீபத்தன்று மாலை நாலு மணிக்குப் பாயசத்துக்கு ஏலக்காய் இல்லை. வீட்டில் ஆண்கள் மட்டும் பதினாலு பேர். மாடியில் இடம் பிடித்து வைக்கிறோம் என்று பாதிப் பேர் மேலே படுத்திருந்தார்கள், மீதிப் பேர் விரதக் களைப்பென்று கீழே படுத்திருந்தார்கள். வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிற என் கணவர், அன்று கடைக்கு லீவு விட்டுவிட்டு மைத்துனனோடு சீட்டாடிக்கொண்டிருந்தார். நானே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தேரடி வீதிக்குப் போனேன்.

கூட்டத்தில் கால் தரையில் படாமலே நகர்ந்துகொண்டிருந்தேன். ஏலக்காய் வாங்கித் திரும்பும்போது என் சுண்டுவிரலை ஒரு கை பிடித்தது. குனிந்து பார்த்தால் நாலு வயசுப் பெண் குழந்தை. சிவப்புக் கவுன், ஒரு காதில் மட்டும் கம்மல், முகமெல்லாம் மூக்குச்சளி. அழுது அழுது சத்தமே வரவில்லை. விரலை உதறினாலும் விடுவதாக இல்லை.

தேருக்குப் பக்கத்தில் ஜானி பாஷா ஒரு பந்தல் போட்டிருந்தார். மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். அவருடைய அப்பா காலத்திலிருந்தே தீபக் கூட்டத்தில் காணாமல் போனவர்களை அறிவிக்கும் வேலை அவர்கள் குடும்பத்துடையது. நாலு மாடவீதிக் கம்பங்களிலும், பேகோபுரத் தெரு வரைக்கும் அவருடைய குழாய் ஒலிபெருக்கிகள்தான் கட்டியிருக்கும். பந்தலுக்குள் ஏற்கெனவே ஏழு குழந்தைகள் ஏழு சுருதியில் அழுதுகொண்டிருந்தன. பாய் என் குழந்தையையும் மேஜைமேல் நிறுத்தினார்.

"பாப்பா, உங்கப்பா பேரு இன்னா?"

"அப்பா."

"அம்மா பேரு?"

"அம்மா."

"எந்த ஊரு?"

"எங்க ஊரு."

பாய் மைக்கைப் பிடித்து, "சிவப்புக் கவுன் அணிந்த நான்கு வயதுப் பெண் குழந்தை" என்று அறிவித்தார். அந்த வீதியில் மட்டும் சிவப்புக் கவுன் இருநூறாவது இருந்திருக்கும். எனக்குப் பொறுக்கவில்லை.

"பாய், இதுங்கிட்ட போய் அப்பன் பேரு கேட்டா எப்படித் தெரியும்? இது பொறந்ததிலேர்ந்து அந்த வீட்டுல யாராவது அந்தப் பேர சொல்லியிருப்பாங்களா?"

நியாயம்தானே? பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது, சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையுமாம். நானே பதினைந்து வருஷமாகச் சொன்னதில்லை. ரேஷன் கார்டு எழுத வந்தவர் கேட்டபோதுகூடப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத்தான் சொல்ல வைத்தேன். புருஷனும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டான். ஏய், இந்தா, இவளே, இதோடு சரி. குழந்தைக்கு எங்கிருந்து தெரியும்? சம்சாரி வீட்டில் விடிந்தால் பொழுது போனால் பெயர் சொல்லிக் கூப்பிடப்படுவது மாடு மட்டும்தான்.

நான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு, "வண்டி கட்டிக்கினு வந்தீங்களா? மாட்டுக்கு இன்னா பேரு?" என்று கேட்டேன்.

அழுகை சட்டென்று நின்றது. "செவல. மயில. மயிலதான் முட்டும்."

"வண்டியில யாரு யாரு வந்தாங்க?"

"நானு, அம்மா, அப்பா, மொட்ட போட்ட மாமா."

பாயிடமிருந்து மைக்கை வாங்கினேன். கேட்கவில்லை, வாங்கினேன். "செவலையும் மயிலையும் பூட்டிக்கினு மொட்ட மாமாவோட வந்தவங்களே, உங்க பாப்பா எங்கிட்ட இருக்குது. ஒரு காதுல கம்மல் இல்ல. தேரடியில பாய் பந்தலுக்கு வாங்க. கம்மலுக்காகக் கொழந்தைய அடிக்காதீங்க." என் குரல் நாலு வீதியிலும் போய்த் திரும்பி வந்து என் காதிலேயே விழுந்தது. பத்து நிமிஷத்தில் ஒருத்தி கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஓடி வந்தாள், பின்னாலேயே ஒரு மொட்டைத் தலை. வந்தவள் குழந்தையை முதுகில் ஒரு அறை அறைந்துவிட்டு, அப்புறம் நெஞ்சோடு அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ போவாதம்மா. மத்த ஏழு புள்ளைங்களையும் கேட்டுட்டுப் போ" என்றார் பாய்.

அதற்குள் இன்னொரு தாய், கண்ணீரில் கண் தெரியாமல், யாருடைய பிள்ளையையோ வாரிக்கொண்டு ஓடப் பார்த்தாள். நான் பாய்ந்து பிடித்தேன். அப்போதே பாயிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: யாராயிருந்தாலும் வரிசையில் வர வேண்டும், பெயர், வயசு, உடுத்தியிருக்கிற துணி, உடம்பில் ஓர் அடையாளம் சொல்ல வேண்டும், சொன்னால்தான் ஆளை அனுப்புவது. பாய் அதை அட்டையில் எழுதி மேஜையில் கட்டினார்.

பிறகு எனக்கு நேரம் தெரியவில்லை. ஒரு குழந்தைக்கு அதன் நாய் பெயர் தெரிந்தது, ஒன்றுக்கு அதன் டீச்சர் பெயர். காது கேட்காத கிழவி ஒருத்தியும் வந்து சேர்ந்தாள். நடுவில் அரோகரா என்று ஊரே அதிர்ந்தது. அப்போது ஒரு குழந்தை என் தோளில் தூங்கிப்போயிருந்தது. எழுந்துவிடுமே என்று அதன் காதைப் பொத்தினேன்.

எல்லாக் குழந்தைகளும் போன பிறகு, வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போதுதான் மலையுச்சியில் எரிகிற தீபம் கண்ணில் பட்டது. இந்த வருஷமும் ஏற்றுகிற நிமிஷத்தைப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கோபம் வருமென்று காத்திருந்தேன், வரவில்லை. வீதியோரத்துத் திறந்த பந்தலில்தான் அத்தனை நேரமும் இருந்தேன், தலையைத் திருப்பியிருந்தால் தெரிந்திருக்கும். திருப்பத் தோன்றவில்லை. பதினைந்து வருஷமாக எனக்கு வேண்டியது தீபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டியது, என் கையால் ஆகிற ஒரு காரியம், அதை வாங்கிக்கொண்டவர்கள் உப்புக் கம்மி என்று சொல்லாமல் போகிற ஒரு காரியம். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அப்படி ஒரு நாள் எனக்கு இருந்ததில்லை என்று சொன்னால்தான் என்ன, சொல்லிவிட்டுப் போகிறேன்.

அந்தச் சந்தோஷம் வீட்டு வாசற்படி வரைக்கும்தான். உள்ளே முப்பத்தெட்டு பேரும் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். உளுந்து மாவு அரைத்து வைத்தபடி இருந்தது. சட்டி அடுப்பில் இருந்தது. எண்ணெய் சட்டியில் இருந்தது. பதினோரு பெண்கள் இருந்தார்கள். அடுப்பைப் பற்றவைக்க ஒருத்தருக்கும் கை வரவில்லை. என் குரலை மைக்கில் கேட்டார்களாம். கேட்டுவிட்டு, நான் வந்து சுடட்டும் என்று ஒன்றரை மணி நேரம் காத்திருந்திருக்கிறார்கள். விரதத்தின் மகிமையே மகிமை.

"ஊரான் புள்ளைங்களுக்கு மைக்குல கத்திகினு நிக்கற, வீட்டுல எல்லாரும் பட்டினி கெடக்கறாங்க" என்றார் என் கணவர். அதற்கப்புறம் நாலு நாள் பேசவில்லை. அந்த நாலு நாளும் நான் நிம்மதியாக இருந்தேன்.

மறு வருஷம் தீபத்துக்கு ஒரு வாரம் முன்பே ஜானி பாஷாவின் மனைவி குர்ஷித் பேகம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். "இவரு உங்கள கேட்டுட்டு வரச் சொன்னாரு. போன வருஷம் மாதிரி ஒரு புள்ளைகூட ராத்திரி வரைக்கும் தங்காம போனது எப்பவும் இல்லயாம். இந்த வருஷமும் வரணும், அதுவும் மூணு மணிக்கே." என்னை ஒரு வேலைக்கு வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக அழைத்தது அதுதான் முதல் தடவை. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை.

செய்தி எப்படியோ கீழ்பென்னாத்தூருக்குப் போய்விட்டது. வெள்ளையம்மாள் மூன்று நாள் முன்னதாகவே வந்து இறங்கினாள். தீபத்தன்று காலையில் சபை கூடியது.

"குடும்பப் பொம்பள மைக்குல பேசுனா நாலு பேரு இன்னா நெனப்பாங்க?" என்றாள் அவள்.

"பிள்ள கெடச்சவ நல்லா நெனப்பா அண்ணி. மத்தவங்களுக்கு நான் வடை சுடறேனா இல்லயான்னு கவல இல்ல."

"எங்களுக்கு யாரு சுடுவா?"

"மாவு அரைச்சு வெச்சிருக்கேன். சாம்பார், பாயசம், பொரியல் எல்லாம் ஆச்சு. எல அலம்பி அடுக்கிட்டேன். வடைய எண்ணெயில போடணும், சிவந்ததும் எடுக்கணும். அவ்ளோதான்."

என் கணவர் செய்தித்தாளைத் தாழ்த்தாமலே சொன்னார். "போனீன்னா இந்த வீட்டுல தீபத்துக்கு மருவாதி இல்லன்னு அர்த்தம். யோசிச்சுக்கோ."

யோசித்தேன். போகாவிட்டால் இனி ஒருகாலும் போக முடியாது என்பது எனக்குத் தெரிந்தது. பாய் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். நான் சாகிறவரைக்கும் அந்தச் சட்டிக்கு முன்னால் நிற்பேன். மூணு மணிக்குப் புறப்பட்டேன்.

அன்றைக்குக் கூட்டம் போன வருஷத்தைவிட ஜாஸ்தி. தூறல் வேறு. பந்தலைத் தார்ப்பாயால் இரண்டாகத் தடுத்திருந்தார் பாய். முன்னால் மேஜை, மைக், வரிசை. பின்னால் குழந்தைகள், வழி தவறிய கிழவிகள், நான். ஆறு மணிக்கு அரோகரா கேட்டது. கால் மணி நேரம் கழித்து, தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் பழகிய குரல் கேட்டது.

"பாய், உள்ள எங்க வீட்டுக்காரி இருக்கா. கொஞ்சம் வரச் சொல்லுங்க. வீட்டுல எல்லாம் காத்துகினு இருக்காங்க."

"வரிசையில வாங்க" என்றார் பாய். அவருக்கு என் கணவரை நன்றாகத் தெரியும். வாரத்துக்கு ஒருமுறை அவர் கடையில்தான் சைக்கிளுக்குக் காற்றடிக்கிறார். ஆனால் பின்னால் முப்பது பேர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். என் கணவர் வரிசையில் நின்றார். முறை வந்தது.

"யார கூட்டிகினு போவணும்?"

"என் சம்சாரம், பாய். தெரியாத மாதிரி கேக்கறீங்களே."

"உள்ள ஒம்போது பொம்பளைங்க இருக்காங்க. அட்டையில எழுதியிருக்குது பாருங்க. அடையாளம் சொன்னாதான் அனுப்புவோம். எல்லாருக்கும் அதே ரூல்தான். பேரு?"

"ஆதிலட்சுமி."

"வயசு?"

"முப்பது... முப்பத்தஞ்சு இருக்கும்."

"இன்னா கலர் பொடவ?"

தூங்குகிற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நானும் காத்திருந்தேன்.

"பச்ச" என்றார். பிறகு, "இல்ல, செவப்பு. ஏதோ ஒண்ணு பாய்."

கத்தரிப்பூக் கலர். போன மாதம் தீபாவளிக்கு அவரே கடையில் எடுத்துக் கொடுத்தது. காலையிலிருந்து அதைக் கட்டிக்கொண்டுதான் அவருக்கு முன்னால் நடந்தேன்.

"ஒடம்புல எதாவது தழும்பு, மச்சம்?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

ஒன்றுமில்லையாம். என் வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தோல் வெந்து சுருங்கிக் கிடக்கிறது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், இதே தீபத்தன்று, இதே வடைச் சட்டி கவிழ்ந்தது. அன்றைக்கும் மீதி மாவைச் சுட்டுப் போட்டுவிட்டுத்தான் டாக்டரிடம் போனேன். அவருக்கு அந்தக் கையால் பதினாறு வருஷம் சாப்பாடு வந்திருக்கிறது, கையைப் பார்த்ததில்லை.

குழந்தையைப் பக்கத்துக் கிழவி மடியில் மாற்றிவிட்டு, தார்ப்பாயை விலக்கிக்கொண்டு வந்து மைக்கை எடுத்தேன். அவர் என்னைப் பார்த்ததும், "வா போலாம்" என்று திரும்பினார், நான் பின்னால் வருவேன் என்ற நம்பிக்கையில்.

"பேகோபுரத் தெரு சைக்கிள் கடை காசி அவர்கள் கவனத்துக்கு" என்றேன்.

அவர் அப்படியே நின்றார். அந்தப் பெயர் நாலு மாடவீதியிலும் போய், எங்கள் வீட்டு எதிர்க் கம்பத்துக் குழாயிலும் விழுந்திருக்கும். மாடியிலும் கூடத்திலும் இருந்த முப்பத்தேழு பேருக்கும் கேட்டிருக்கும். வெள்ளையம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள் என்று பிறகு சொன்னார்கள்.

"காசி அவர்களே, உங்க சம்சாரம் ஆதிலட்சுமி காணாம போவல. தேரடிப் பந்தல்ல வேலையா இருக்கறாங்க. எல்லாரும் வீட்டுக்குப் போன பெறகுதான் வருவாங்க. மாவு அண்டாவுல இருக்குது. நெருப்புப்பெட்டி அடுப்புப் பக்கத்துல இருக்குது. பசிக்கிறவங்க பத்தவெச்சுக்கலாம்."

மைக்கை வைத்தேன். வரிசையில் யாரோ சிரித்தார்கள். என் கணவருக்குப் பின்னால் ஒரு கிழவர் நனைந்த துண்டைப் பிழிந்துகொண்டு நின்றிருந்தார்.

"ஐயா, செத்த நவுந்துக்குங்க. எம் பொண்டாட்டியக் காணோம்."

என் கணவர் நகர்ந்து மேஜையோரம் நின்றார். நான் பென்சிலை எடுத்தேன். "உங்க பேரு சொல்லுங்க பெரியவரே."

"சின்னசாமி. அவ பேரு தங்கம்மா. அறுவத்திரண்டு வயசு ஆவுது. அரக்குச் சேல, கீழ்க்கரையில ஒரு எடத்துல பிஞ்சிருக்கும், மஞ்ச நூலால தெச்சிருக்கா. வலது கால் கட்டவெரல்ல நகம் இல்ல. எடது கண்ணு மங்கல், அந்தப் பக்கத்திலேர்ந்து கூப்புட்டா பயந்துக்குவா, வலது பக்கமா வந்து சொல்லணும். பல்லு முன்னால ரெண்டுதான். தண்ணி கேக்கக் கூச்சப்படுவா, நீங்களே குடுத்துடுங்க."

ஒவ்வொன்றாக எழுதினேன். சின்னசாமிக்கு இன்னும் சொல்ல இருந்தது. என் கணவர் வீட்டுக்குப் போகாமல், தூறலில் அங்கேயே நின்று கடைசிவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.